விழுந்த விமானங்களை வாசித்த வெள்ளிக்கிழமைகள்

என் கணவர் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்கிறார் என்பதை எனக்குச் சொன்னவர் எங்கள் தெருமுனை மளிகைக் கடை பாய். மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயாவின் சுதந்திரத்துக்கு, முந்தைய வருடம் அது. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் மிளகாய் வற்றல் வாங்க நின்றேன். பொட்டலம் கட்டிக்கொண்டே பாய், நேற்றுச் சாயந்திரம் என் வீட்டுக்காரர் கடைக்கு மேலேயே பறந்து போனாராமே, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வெளியே வந்து பார்த்திருப்பேனே என்றார். நான் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். புருஷன் என்ன செய்கிறான் என்று தெரியாத பெண்டாட்டி என்று பாய் நினைத்துவிடக் கூடாதே என்ற ரோஷம்.

என் கணவருக்கு மலாக்காவில், காஜா பேராங் பக்கம், ஒரு பட்டறை இருந்தது. ஒரே நேரத்தில் இரண்டு காடிகளை நிறுத்தலாம், மூன்றாவது வந்தால் சடக்கில்தான் நிற்க வேண்டும். காரைக் காடி என்றும் சாலையைச் சடக்கு என்றும்தான் நாங்கள் சொல்வோம். என்ஜின் ஓடும் சத்தத்தைக் கேட்டே அதன் நோயைச் சொல்லிவிடுவார் என்று பெயர். பத்து பெரெண்டாம் விமானத் திடலில் சின்ன விமானங்களுக்கென்று ஒரு சங்கம் இருந்தது. அதன் என்ஜினியருக்கு ஒத்தாசைக்கு ஆள் வேண்டியிருந்தது. இவர் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க் கொஞ்ச நாள் உதவினார். பதிலுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது, ஓட்டக் கற்றுக்கொடுங்கள் என்றிருக்கிறார்.

அன்று சாயந்திரம் அவர் கை கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வேணாம்ப."

"ஆமா, வேணாம்னுதான் சொல்லுவேன்."

"அதான் சொல்லல" என்றார், ஏதோ கணக்கு சரியாக வந்துவிட்டதைப் போல.

இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் துவைக்கப் போட்ட கால்சட்டையில் ஒரு சின்னப் புத்தகம் மடங்கிக் கிடந்தது. ஆங்கிலத்தில் அச்சடித்தது. எங்கெங்கோ சின்ன விமானங்கள் விழுந்து ஆட்கள் இறந்துபோன விபத்துகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம், எப்படி நடந்தது, ஏன் நடந்தது என்று. கடைசிப் பக்கத்தில் சங்கத்துக்காரர்கள் ஒரு தாளை ஒட்டியிருந்தார்கள். 'வாசித்தேன், புரிந்துகொண்டேன்' என்று மேலே எழுதி, கீழே வரிசையாகக் கையெழுத்துகள். நாலாவது கையெழுத்து இவருடையது.

எனக்குக் கோபம் போய் வேறொன்று வந்தது. ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் இவருடைய படிப்பு நின்றுபோனது. தமிழ் நன்றாக வாசிப்பார். ஆங்கிலத்தில் உதிரிச் சாமான்களின் பெயரும் படத்தில் போட்டிருக்கும் எண்களும் தெரியும். அதற்கு மேல் ஓடாது. நான் யுத்தம் முடிந்தபின் படித்து, சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை தேறி, பண்டார் ஹிலிர் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்களுக்குள் இதைப் பற்றி ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

புத்தகத்தை அவர் முன்னால் வைத்தேன். வாசித்தாரா என்று கேட்டேன். கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன் என்றார்.

"செத்துப்போனவங்களோட கதைங்க இது."

"தெரியும். அதனாலயும்தான் வாசிக்கல."

நேரே கேட்டால் பொய் சொல்லத் தெரியாத மனிதர். அவரிடம் எனக்குப் பிடித்ததே அதுதான். நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். விமானம் ஓட்டட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு விபத்தை நான் தமிழில் வாசித்துச் சொல்வேன். உட்கார்ந்து கேட்க வேண்டும். அந்த ஆளின் இடத்தில் நீங்கள் இருந்தால் எந்த இடத்தில் என்ன செய்திருப்பீர்கள் என்று எனக்குச் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமை பறக்கக் கூடாது. அவர் ஒத்துக்கொண்டார். இரண்டு நாள் பேசாமல் இருந்தவள் பேசியதே போதும் என்று நினைத்திருப்பார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கெல்லாம் பட்டறையை மூடிவிட்டு, முக்குக் கடையில் பீசாங் கோரெங் வாங்கிக்கொண்டு வருவார். அந்தச் சூடான பொரித்த வாழைப்பழத்தையும் கோப்பியையும் வைத்துக்கொண்டு பின்வாசலில் உட்கார்வோம். எங்கள் வீட்டுக்காரம்மா பக்கத்து வீட்டிலேயே இருந்தார். பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய மலாக்காச் செட்டிகள் வம்சம். கோயிலுக்குப் போவார், திருநீறு பூசுவார், ஆனால் தமிழ் வராது. பேச்செல்லாம் அவர்களுடைய மலாய்தான். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நான் அக்கா என்று கூப்பிடுவேன். இரண்டு வீட்டுக்கும் பின்கட்டு ஒன்றுதான். அவர் துணி மடித்துக்கொண்டோ இஞ்சி இடித்துக்கொண்டோ அங்கே இருப்பார்.

முதல் விபத்தே எங்களைத் திணறடித்தது. ஒரு வாலிபன், கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் வீட்டுக்கு மேலே தாழ்வாகப் பறந்து, வாசலில் நின்ற அவளுக்குக் கையசைத்துவிட்டு, இன்னொரு தடவை பார்க்கச் சட்டென்று வளைத்துத் திருப்பினான். விமானம் ஸ்டால் ஆகி விழுந்துவிட்டது. ஸ்டால் என்றால் ஓடும் காடி திடீரென்று நின்றுபோவது என்றுதான் எனக்குத் தெரியும். என்ஜின் நின்றுவிட்டது என்று சொன்னேன்.

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு பத்தி தள்ளி என்ஜின் கடைசிவரை நன்றாக ஓடியது என்று நீதானே வாசித்தாய் என்றார். மறுபடி வாசித்தேன். அவர் சொன்னது சரிதான். என்ஜின் ஓடியது. பின் என்னதான் நின்றது? பீசாங் கோரெங் ஆறிப்போகும்வரை வாதாடினோம். ஞாயிற்றுக்கிழமை பயிற்சியாளரிடம் கேட்டுக்கொண்டு வந்தார். உள்ளங்கையை மேசை மாதிரி நீட்டி எனக்குக் காட்டினார்.

"இறக்கை இப்படிப் போகுது. காத்து மேல வழுக்கிக்கிட்டுப் போகுது, அதான் தாங்குது. ரொம்பத் தூக்கினாலும், மெதுவாப் போகையில வெடுக்குன்னு திருப்பினாலும், காத்து பிச்சிக்கும். என்ஜின் ஓடும், ஆனா இறக்கை தாங்காது."

அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று யோசித்து, 'இறக்கை கைவிட்டது' என்று வைத்துக்கொண்டோம். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் அதுதான் வார்த்தை. நான் சொன்ன தப்பான அர்த்தத்தை நம்பியிருந்தால் இவர் ஆகாயத்தில் என்ஜினைக் குடைந்துகொண்டிருந்திருப்பார்.

இன்னொரு வாரம் வேறொரு தகராறு. ஒருவனுக்குத் தரையை விட்டுக் கிளம்பியதுமே என்ஜின் நின்றுவிட்டது. திடலுக்கே திரும்பிவிடலாம் என்று வளைத்தான், இறக்கை கைவிட்டது. நேரே எதிரில் இருந்த வயலில் இறங்கியிருந்தால் முழங்கால் சிராய்ப்போடு போயிருக்கும் என்று எழுதியிருந்தது. அதற்கு முந்தின வாரம்தான் மேகத்தைக் கண்டும் திரும்பாமல் போனவனைப் பற்றி வாசித்திருந்தோம்.

"போன வாரம் திரும்புன்னு சொன்ன. இந்த வாரம் திரும்பாதேங்கிற."

"நானா சொல்றேன்? புத்தகம் சொல்லுது."

"அப்ப புத்தகத்துக்கிட்டயே கேளு, நான் எப்பத்தான் திரும்பறதுன்னு."

அக்கா என்ன சண்டை என்று மலாயில் கேட்டார். நான் விபத்தைச் சுருக்கமாகச் சொன்னேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவர் கேட்பது ஒரே கேள்விதான். "டியா லாப்பார் கா?" அவனுக்குப் பசியா? முதலில் சிரித்தோம். அக்காவின் எண்ணம் இது: ஆண்பிள்ளைகள் அவசரப்படுவது வீட்டில் சோறு காத்திருக்கிறது என்பதால்தான். புயலில் படகை விடுவதும், வெள்ளத்தில் சைக்கிளை இறக்குவதும், எல்லாம் சோற்றுக்காக.

சிரித்துவிட்டு அன்று புத்தகத்தை மறுபடி புரட்டினேன். மேகத்துக்குள் போனவன் மகளின் பிறந்தநாளுக்குப் போய்க்கொண்டிருந்தான். எண்ணெய், அதாவது பெட்ரோல், தீர்ந்து காட்டில் விழுந்தவன், நடுவழியில் இறங்கி எண்ணெய் போட்டால் நேரமாகிவிடும் என்று நேரே போனவன். இன்னொருவனுக்கு வேலையில் சேரும் நாள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு எங்கேயோ யாரோ காத்திருந்தார்கள். சோறு என்று எழுதவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கிளம்பும்போது நான் வழக்கமாகச் சொல்வது, ஒரு மணிக்குள் வந்துவிடுங்கள், சோறு ஆறிவிடும் என்பது. அந்த வாரம் வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். பக்கத்து அடுப்பிலிருந்து அக்கா பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வெள்ளிக்கிழமை சங்கதி திடலில் பரவிவிட்டது. ஒருநாள் பயிற்சியாளரே வீட்டுக்கு வந்தார். மலாக்காவிலேயே பிறந்து வளர்ந்த போர்த்துகீசிய வம்சத்துக்காரர், யுத்தத்தில் விமானம் ஓட்டியவர். பின்வாசலில் பலகையில் உட்கார்ந்து, நான் தமிழில் வாசிப்பதை ஒரு வார்த்தையும் புரியாமல் கடைசிவரை கேட்டார். அன்றைய விபத்து, மலைகளுக்கிடையே மேகம் இறங்கியிருந்தும் முன்னேறிப் போய் மோதிய ஒருவரைப் பற்றியது. நான் முடித்ததும், திறந்திருந்த பக்கத்தைப் பார்த்துவிட்டு, இந்தப் பக்கத்தில் இருப்பவன் என் சிநேகிதன் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அக்கா அவருடைய கோப்பையில் இன்னும் கொஞ்சம் கோப்பி ஊற்றினார்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் ஒரு வரியைக் காட்டினார். 'விமானி தொடர்ந்து செல்ல முடிவு செய்தார்' என்றிருந்தது. அது தப்பு என்றார்.

"அவன் முடிவு எதுவும் செய்யவில்லை. முடிவு செய்யாமல் போய்க்கொண்டே இருந்தான். அதுதான் நடந்தது. அவனை எனக்குத் தெரியும்."

அதனால் தன்னிடம் கற்பவர்கள் திரும்பும் இடத்தைத் தரையிலேயே முடிவு செய்ய வேண்டும் என்றார். இந்த ஆற்றைத் தாண்டும்போது அந்த மலை தெரியவில்லையானால் திரும்புகிறேன் என்று கிளம்புமுன் வாயால் சொல்ல வேண்டும். மேலே போனபின் மனசு வக்கீலாகிவிடும், எதற்கும் ஒரு நியாயம் கண்டுபிடிக்கும். இவர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். அதற்கப்புறம் ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் என்னிடம் திரும்பும் இடத்தைச் சொல்லிவிட்டுத்தான் போவார். கறிக்கடைக்குப் போகும்போதும் விளையாட்டாகச் சொல்வார்.

மெர்டேக்கா வருடம் பிறந்தது. அவருக்கு உரிமம் கிடைத்தது. எனக்கும் அதற்குள் வயிற்றில் பிள்ளை தங்கி மூன்றாம் மாதம். வைகாசியில் என் தம்பிக்குக் கல்யாணம் வந்தபோது எனக்கு எட்டாம் மாதம். பெண் வீடு கோலாலம்பூர். அத்தனை தூரம் சடக்கில் குலுங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் நானும், எனக்குத் துணையாக அவரும் போகவில்லை. செமாபோக்கில் இருந்து அம்மா வீட்டார் வாடகை பஸ்ஸில் சனிக்கிழமை காலை கிளம்பினார்கள். போகும் வழியில் எங்கள் வீட்டு வாசலில் பஸ் நின்றது. தாலி எங்கள் வீட்டில்தான் இருந்தது. ஜாலான் பெண்டஹாரா நகைக் கடையில் செய்து வாங்கி, எங்களுக்குப் பக்கமான மாரியம்மன் கோயிலில் வைத்துப் பூஜை செய்து, என் அலமாரியில் வைத்திருந்தோம். அத்தைகளும் சித்திகளும் இறங்கி என் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்கள், ஆசீர்வாதம் செய்தார்கள், ஒரு வாழைத்தாரையும் ஏற்றினார்கள், போனார்கள். தாலிப் பெட்டியை அம்மா எடுத்தாள் என்று அத்தை நினைத்தாள். அத்தை எடுத்தாள் என்று அம்மா நினைத்தாள். நான் இருவரில் ஒருவர் எடுத்திருப்பார்கள் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்காலுக்குப் பாய் வந்து கதவைத் தட்டினார். கடைக்குக் கோலாலம்பூரிலிருந்து டிரங்க் கால். நான் நடக்க முடிந்த வேகத்தில் நடந்தேன்.

"தாலிய யாரும் கொண்டு வரலடி" என்றாள் அம்மா. "ஒம்பதுல இருந்து பத்தரைக்குள்ள முகூர்த்தம். காடியில வந்தா நாலு மணி நேரம் ஆகும், நடக்கிற காரியமில்ல. மாப்பிள்ளைய ஏரோப்ளேன்ல வரச் சொல்லு."

என் அம்மா அதுவரை அந்த ஏரோப்ளேனைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. மாப்பிள்ளைக்குப் புத்தி கெட்டுவிட்டது என்றுதான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து சொல்லி முடிப்பதற்குள் அவர் காலில் சப்பாத்தை மாட்டிவிட்டார். அவருடைய முகத்தைப் பார்த்தேன். பயமில்லை, சந்தோஷம். இத்தனை நாள் கற்றது என் வீட்டாருக்குப் பயன்படப் போகிறது என்ற சந்தோஷம். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நானும் வருகிறேன் என்று காடியில் ஏறிக்கொண்டேன். தாலிப் பெட்டி என் மடியில் இருந்தது.

திடலில் பயிற்சியாளர் இருந்தார். எங்களுக்கு மேலே வானம் சுத்தமாக இருந்தது. வடக்கே, கோலாலம்பூர் போகும் வழியில், சிரம்பான் மலைகளின் பக்கம் மேகம் இருக்கிறது, ஏறினாலும் ஏறும், இறங்கினாலும் இறங்கும் என்று தகவல். போய்ப் பார்க்கலாம், ஆனால் பார்த்ததை நம்ப வேண்டும் என்றார். எங்கே திரும்புவாய் என்று கேட்டார். சிரம்பான் ரயில் நிலையத்துக்கு மேலே போனதும் பார்த்து, அடுத்த மலை அடிவாரத்திலிருந்து உச்சி வரை தெரியவில்லை என்றால் திரும்புகிறேன் என்றார் இவர். சரியாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லும்போதே கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

விமானத்தைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கும் வழக்கம் உண்டு. அன்று அந்தச் சுற்று சீக்கிரம் முடிந்துவிட்டது. உள்ளே ஏறி உட்கார்ந்துவிட்டார். எண்ணெய்த் தொட்டியைத் திறந்து குச்சி விட்டுப் பார்க்கவில்லை. நான் போய்க் கேட்டேன்.

"தொட்டி பாத்தீங்களா?"

இறங்கி வந்து, மூடியைத் திறந்து பார்த்தார். எண்ணெய் போதுமான அளவு இருந்தது. ஆனால் அவர் முகம் மாறிவிட்டது. தன் தப்பைத் தானே பிடித்துவிட்ட மாதிரி. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இவரைத் துரத்துவது மேகமோ மலையோ இல்லை. கோலாலம்பூரில் ஒரு மண்டபம் நிறைய ஜனம் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பது. அத்தனை பேரையும் இவர் தோளில் ஏற்றிக்கொண்டு பறக்கப் போகிறார்.

கொஞ்சம் இருங்கள் என்று சொல்லிவிட்டு ஆபீஸுக்குள் போனேன். அம்மா தந்திருந்த எண்ணுக்கு டிரங்க் கால் கேட்டேன். கோயில் ஆபீஸில் யாரோ எடுத்து, அம்மாவைக் கூப்பிட்டு வர ஒரு யுகம் ஆனது.

"அம்மா, மஞ்சள் கிழங்கு ஒண்ணு எடுத்து நூல்ல கட்டி வைங்க. நேரத்துக்கு அதையே கட்டிடட்டும். இவருக்காகக் காத்திருக்காதீங்க."

அம்மாவுக்கு அது சுலபமில்லை. முதல் பையனுடைய கல்யாணம், பவுனில் செய்த தாலி, சம்பந்தி வீட்டார் முன்னால். லைனில் மேளக்காரர்கள் சுருதி சேர்ப்பது கேட்டது.

"மானம் மோசமா இருக்கா?" என்றாள். மழை வானத்தை அவள் மானம் என்றுதான் சொல்வாள்.

"இங்க நல்லா இருக்கு. நடுவுல எப்படின்னு தெரியல."

"அப்படின்னா மாப்பிள்ளை முழுசா இருக்கட்டும்" என்றாள். "மஞ்சளுக்கு என்ன கொறச்சல். அந்தக் காலத்துல எத்தன பேருக்கு மஞ்சள்தான். நான் பாத்துக்கறேன், நீ வை."

என் வாழ்க்கையில் அம்மாவை நான் அவ்வளவு நேசித்த நிமிஷம் வேறில்லை. வெளியே வந்தேன். விமானத்தின் கதவு திறந்திருந்தது. உள்ளே குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்.

"அங்க யாரும் காத்திருக்கல. மஞ்சள் கட்டச் சொல்லிட்டேன். போய்ப் பாத்துட்டு வாங்க."

அவருடைய தோள் இறங்கியது கண்ணுக்குத் தெரிந்தது. பெட்டியை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். விமானம் ஓடி, எழும்பி, சின்னதாகி மறைந்தது.

எனக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். பயிற்சியாளர் பக்கத்தில் நின்று புகைத்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரத்தில் இவர் கோலாலம்பூரில் இறங்கினால் அங்கிருந்து போனில் சேதி வரும். அந்த ஒரு மணி நேரமும் நான் சாமி பெயர் எதையும் சொல்லவில்லை. வயிற்றில் பிள்ளை உதைப்பதை எண்ணிக்கொண்டிருந்தேன். ஐம்பது நிமிஷம் ஆகியிருக்கும். வடக்கிலிருந்து ஒரு சத்தம். பயிற்சியாளர் சிகரெட்டைக் கீழே போட்டார்.

"உன் புருஷன்தான்" என்றார்.

இறங்கும்போது இரண்டு தடவை தவளை மாதிரி துள்ளி, மூன்றாவதில்தான் தரையில் நின்றது. கதவு உடனே திறக்கவில்லை. நான் போனபோது அவர் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். "முடியலம்மா" என்றார். சிரம்பானுக்கு மேலே போனபோது மலையின் பாதிக்கு மேல் காணவில்லையாம். மேகத்தில் ஒரு ஜன்னல் மட்டும் திறந்திருந்தது. அதற்குள் வெயில் அடித்துப் பளபளவென்று இருந்தது. அதில் நுழைந்தால் அந்தப் பக்கம் போய்விடலாம் போலத்தான் இருந்தது. ஒரு சுற்றுச் சுற்றி அதைப் பார்த்தேன் என்றார்.

"நல்ல அழகான ஓட்டை. பொம்பளப் பிள்ளைக்கு வளையல் மாதிரி."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அங்கதான் யாரும் காத்திருக்கலையே. திரும்பிட்டேன். திரும்பி ஒரு நிமிஷம் கழிச்சுப் பாத்தா அந்த ஓட்டையே இல்ல."

நான் சிரித்தேன். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணீரும் நிற்கவில்லை. எட்டு மாத வயிற்றோடு ஒரு பெண் திடல் நடுவில் இப்படிச் சிரிப்பதைப் பார்த்து, தொலைவில் புல் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியை நிறுத்திவிட்டார். தோற்றுப்போன முகத்தோடு உட்கார்ந்திருந்த என் கணவரும் கடைசியில் சிரித்துவிட்டார். பயிற்சியாளர் உள்ளே போய் மூன்று சோடா பாட்டில்களைக் கொண்டுவந்து உடைத்தார். இவருடைய பயணக் குறிப்பேட்டில் அன்றைய வரிக்கு எதிரே, 'திரும்பி வந்தார், மிக நன்று' என்று சிவப்பு மையில் எழுதினார். போக வேண்டிய ஊரில் போய் இறங்கியவர்கள் யாருக்கும் அவர் சிவப்பு மையில் எழுதியதில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மதியம் பாய் கடைக்கு மறுபடி டிரங்க் கால். ஒன்பதரைக்கே மஞ்சளைக் கட்டியாயிற்று, பந்தியும் நடக்கிறது, பாயசத்தில் முந்திரி கொஞ்சம் கருகிவிட்டது என்று அம்மா அடுக்கினாள். தம்பி வாங்கிப் பேசினான். பிறகு புதுப்பெண்ணே ரிசீவரை வாங்கினாள். எனக்கு அவளோடு அதுதான் முதல் பேச்சு. வெட்கப்பட்டுக்கொண்டே, "அண்ணி, அண்ணன் நல்லா இருக்காங்கல்ல?" என்றாள். பவுன் தாலியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த வீட்டுக்கு நல்ல பெண் வந்துவிட்டாள் என்று பாயிடம் சொன்னேன். பாய் எனக்கு ஒரு வெல்லக்கட்டி கொடுத்தார். அடுத்த வாரம் மறுவீட்டுக்கு அவர்கள் மலாக்கா வந்தபோது, மாரியம்மன் கோயிலில் வைத்து இரண்டாம் தடவை தாலி கட்டினார்கள். என் தம்பி ஊரில் ஒரே பெண்ணை இரண்டு தடவை கல்யாணம் செய்துகொண்டவன் என்று பேர் வாங்கினான்.

அடுத்த சனிக்கிழமை சங்கத்தில் கூட்டம். பயிற்சியாளர் என்னை வந்து பேசச் சொன்னார். விமானத்தில் கால் வைத்திராத நான் விமானிகளுக்கு என்ன சொல்வது என்று மறுத்தேன். அதனால்தான் கூப்பிடுகிறேன் என்றார். இருபது பேர் இருந்தார்கள். ரப்பர் தோட்டத்து வெள்ளைக்கார மேனேஜர்கள், ஒரு சீனப் பல் வைத்தியர், இரண்டு மலாய் அதிகாரிகள். எல்லோரும் ஆண்கள். மேசையைப் பிடித்துக்கொண்டு நின்று, வாசித்ததைச் சொன்னேன். இந்தப் புத்தகத்தில் இருப்பவர்கள் யாரும் முட்டாள்கள் இல்லை, நம்மைப் போன்றவர்கள்தான். அவர்களுக்குத் தெரியாத எதையும் இதிலிருந்து நான் கற்றுக்கொள்ளவில்லை. மேகத்துக்குள் போகக் கூடாது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்தும் போனார்கள், ஏனென்றால் எங்கேயோ ஒருவர் சோற்றைப் போட்டு வைத்துக் காத்திருந்தார். இது என் கண்டுபிடிப்பு இல்லை, எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுடையது. பறப்பவர் கற்றுக்கொள்ள வேண்டியதில் பாதியைத் தரையில் இருப்பவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஒரு மேனேஜர், சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதும் ஒரு மனிதனுக்கு முக்கியமில்லையா என்றார். முக்கியம்தான், அதனால் நேரம் சொல்லாதீர்கள் என்றேன். பல் வைத்தியர் எழுந்து, அப்படியானால் என் மனைவியிடம் நான் என்னதான் சொல்லட்டும் என்று கேட்டார்.

"சோற்றை மூடி வைக்கச் சொல்லுங்கள்" என்றேன். "ஆறின சோறு இதுவரை யாரையும் கொன்றதில்லை."

முதலில் பயிற்சியாளர்தான் சிரித்தார். பிறகு எல்லோரும். அடுத்த மாதக் கூட்டத்துக்குப் பல் வைத்தியர் மனைவியையும் அழைத்து வந்தார். அதற்கடுத்த மாதம் இன்னும் மூன்று பெண்கள். புத்தகத்தைச் சுற்றி உட்கார்ந்து, நாங்கள் கேட்ட கேள்விகளுக்கு ஆண்கள் பதில் சொல்ல முடியாமல் விழித்ததை நினைத்தால் இன்றும் எனக்கு இனிக்கிறது.

ஆடியில் மகள் பிறந்தாள். ஆகஸ்டில் நாடே கொடி கட்டியிருந்தபோது அவளுக்கு ஒரு மாதம் நிறைந்திருந்தது. மெர்டேக்கா கோஷத்தில் அவள் விழித்துக்கொள்ளவில்லை, பாலுக்குத்தான் விழித்தாள். வருடக் கடைசியில் ஒரு தெளிவான காலையில், மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு, முதல் தடவையாக அவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். கிளம்பிய ஐந்து நிமிஷத்துக்குக் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தபோது கடல் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. ஆறு பழுப்புக் கயிறு மாதிரி ஊருக்குள் கிடந்தது. பண்டார் ஹிலிரில் என் பள்ளிக்கூடக் கூரையைக் கண்டுபிடித்ததும் குழந்தை மாதிரி கத்தினேன்.

எங்கள் வீடு இருக்கும் காஜா பேராங் வந்தது. அக்கா பின்கட்டில் நின்று சிவப்புச் சாரோங் கைலியை வீசுவதாகச் சொல்லியிருந்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை. ஊர் முழுக்கத் துணி துவைத்துக் காயப்போட்டிருந்தார்கள். எங்கே பார்த்தாலும் சிவப்பு. ஒரு வீட்டில் ஒரு பெண்ணும் இரண்டு பிள்ளைகளும் நிமிர்ந்து பார்ப்பது தெரிந்தது. அதுதான் நம் வீடு என்று கையை வீசிவீசி ஆட்டினேன். அவர், அது நம் வீடு இல்லை, நம் வீடு இரண்டு தெரு தள்ளி என்றார். அதற்குள் அந்தப் பெண் தலையில் இருந்த துண்டை உருவி ஆட்ட ஆரம்பித்திருந்தாள், பிள்ளைகள் குதித்துக்கொண்டிருந்தார்கள். யாரென்றே தெரியாத அவர்களுக்கு, கண்ணுக்கு மறையும்வரை நான் கையசைத்துக்கொண்டிருந்தேன்.